நஸ்மியே வீட்டுத் தட்டு

அன்பு மகளே,

ஒரு வாரம் என்று சொல்லி அமாஸ்ராவுக்கு வந்தவன் ஏன் இன்னும் அங்காரா திரும்பவில்லை என்று கேட்டிருந்தாய். கடற்காற்று நல்லது, மீன் நல்லது என்று பதில் எழுதினேன். இரண்டும் உண்மைதான். ஆனால் காரணம் அவையல்ல.

கோட்டைச் சுவரை ஒட்டிய என் அறைக்கு எதிர்வீட்டில் நஸ்மியே என்றொரு பெண்மணி இருக்கிறார். என்னைப் போலவே துணையை இழந்தவர். வந்த அன்றே திராட்சை இலையில் சோறு சுருட்டி ஒரு தட்டு தந்தார். நான் தட்டைக் கழுவித் துடைத்து அப்படியே நீட்டினேன். நம் வீட்டில் இதையெல்லாம் உன் அம்மாதானே பார்த்துக்கொண்டாள்!

“பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவரா நீங்க? வெறுந்தட்டையா திருப்பிக் குடுப்பாங்க?” என்று சிரித்தார்.

மறுநாள் அதில் அத்திப்பழம் நிரப்பிக் கொடுத்தேன். தட்டு பொரித்த மீனோடு திரும்பி வந்தது. அப்புறம் அது நிற்கவே இல்லை. மீன்காரர் ரிஃப்கி தெருவில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறார்: “நம்ம ஊர்ல ரோமாபுரிக்காரன் கட்டின பாலம்கூட இவ்வளவு போக்குவரத்து பார்த்ததில்ல வாத்தியாரே! ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா அந்தத் தட்டாவது ஓய்வெடுக்கும்.”

பதில் தெரிந்தும் கை தூக்கத் தயங்கும் மாணவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நேற்று ஒருவழியாகக் கை தூக்கிவிட்டேன். “முதல்ல உங்க மககிட்ட கேளுங்க” என்றார் நஸ்மியே.

உன் அம்மாவின் இடம் அவளுடையதுதான். பெருநாளுக்கு இங்கே வா. வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்வதுபோல் நஸ்மியேவின் கையில் முத்தமிட்டு நெற்றியில் வைக்க வேண்டாம், அவர் ஊற்றும் தேநீரைக் குடித்தால் போதும். நீ தொடாமல் வைத்தால், புரிந்துகொண்டு உன்னோடு பேருந்து ஏறிவிடுவேன்.

ஆனால், கண்ணே, அவர் தேநீர் மிக நன்றாகப் போடுவார்.

உன் அப்பா