முதல் குடம்

12-2-1979, திங்கள்

காலை நாலரை மணிக்குக் குழாயடியில் இருந்தவர்கள்: நான், அடுத்த வீட்டு சீதாலக்ஷ்மி, பஞ்சாபகேசன் சம்சாரம் ஜெயலக்ஷ்மி, கோடி வீட்டு செல்லபாய், கடைசியில், விளக்குக் கம்பத்துக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து வரும் மாடம்மாள், இரண்டு அலுமினியப் பானையோடு. ஆக ஐந்து பேர். இந்த வரிசை எனக்குத் தெரிந்து மாறினதில்லை. நான் ஈரப்புடவையோடு வந்து, குழாயைப் புளி போட்டுத் தேய்த்து, யார் கையும் படாத முதல் ஜலத்தை மடியாகப் பிடிப்பேன். பூஜைக்கும் குடிக்கவும் அதுதான். அப்புறம்தான் மற்றவர்கள்.

இன்று முதல் குடத்தில் நுரை. சீதாலக்ஷ்மி சிரித்தாள்: "மாமி தேய்க்கற தேய்ப்பில குழாயே சோப்புப் போட்டுக்க ஆரம்பிச்சுடுத்து." நானும் சிரித்தேன்.

புதன்கிழமை விஜயம் மதுரையிலிருந்து பிரசவத்துக்கு வருகிறாள். ஏழு மாதம் முடிந்துவிட்டது. முன்னால் இரண்டு தங்கவில்லை. இதையாவது பகவான் தரவேண்டும்.

14-2-79

இவர் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தார். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. முகம் தெளிவு. முதல் டம்ளர் ஜலம் நானே துளசி போட்டுக் கொடுத்தேன்.

17-2-79

கொசு. குழந்தை ராத்திரி முழுக்கக் கையைத் தட்டிக்கொண்டு கிடக்கிறாள். (எனக்கு இன்னும் அவள்தான் குழந்தை.) பழவங்காடியில் மைதீன் கடையில் ஃபினாயில் பெரிய டின்னாக வாங்கியாயிற்று. இனி தினம் சாயங்காலம் வாசல் சாக்கடை ஓடையில் இரண்டு கரண்டி. இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஊற்றுகிறார்கள், சோப்புப் பொடி ஜலமும் அதே ஓடைக்குத்தான் போகிறது. பிரசவ வீடு, நான் இன்னும் ஒரு கரண்டி அதிகம் ஊற்றினால் தப்பில்லை.

23-2-79, வெள்ளி

விஜயம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா, ஜலத்துல ஆஸ்பத்திரி வாசனை அடிக்கறது."

"மசக்கைடி."

"எட்டாம் மாசத்துலயா மசக்கை?"

காய்ச்சிக் கொடுத்தேன். காய்ச்சினால் வாசனை இன்னும் தூக்கலாக இருக்கிறது. ஏலக்காய் தட்டிப் போட்டேன். மாட்டேன் என்றாள். "தீர்த்தம்னு நெனச்சுண்டு குடி, மடியாப் பிடிச்சதாக்கும்" என்று நின்றுகொண்டே குடிக்க வைத்தேன்.

2-3-79, வெள்ளி

இவர் எழுதிப்போட்ட மனுவுக்காகத் தண்ணீர் ஆபீஸ் ஓவர்சியர் சத்தியதாஸ் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், மரியாதையான மனிதர். வந்தது காலை பத்து மணிக்கு. குழாயைத் திறந்து நன்றாக ஓட விட்டுப் பாட்டிலில் பிடித்தார். உள்ளங்கையில் ஏந்தித் தானும் குடித்துக் காட்டினார். "நல்ல குடிவெள்ளம் அம்மா. நீங்க சொல்லுதது பிளீச்சிங் பவுடர் மணமாக்கும். பயப்படாண்டாம்."

மனசு இறங்கிற்று. விஜயத்திடம் சொன்னேன், "பார்த்தியா, ஆபீஸரே குடிச்சார்." டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

12-3-79

பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் ஜலத்துக்கும் கணக்கு வைக்கிறேன். நான் பிடிப்பது மூன்று குடம். பத்து நாளாக எழுதினதைப் பார்த்தால் முதல் குடத்தில் நுரை, வாசனை; இரண்டாவதில் நுரை மட்டும்; மூன்றாவதில் லேசாக. வெள்ளிக்கிழமை வீடு கழுவினால் சனிக்கிழமை அதிகம். ஏன் என்று தெரியவில்லை. மூன்றாவது குடத்தைக் குளிக்க வைத்துக்கொள்கிறோம். அவளுக்கு முதல் குடம்தான் கொடுக்கிறேன். சாப்பாட்டு ஜலம் மடியாக இருக்கவேண்டாமா?

29-3-79

விஜயத்துக்கு இரண்டு நாளாக வாந்தி. டாக்டரம்மா நிறைய ஜலம் குடிக்கச் சொன்னாள்.

கொடுத்தேன்.

6-4-79, வெள்ளி

ஆண் குழந்தை. அழவில்லை.

9-4-79

டாக்டரம்மா: "காரணம் சொல்லான் பற்றில்ல அம்மா. சிலப்போள் இங்ஙனெ வரும்." காரணம் சொல்ல முடியாதாம். இவர் தலையை ஆட்டினார். விஜயம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். பூஜையறைக்குள் போனேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் விளக்கைத் துடைத்துவிட்டு வந்தேன்.

30-4-79

தீட்டு முடிந்து இன்றுதான் குழாயடிக்குப் போனேன். எனக்காக முதல் இடத்தை அப்படியே விட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் போனபின் மாடம்மாள் மட்டும் நின்றாள். அவளுக்கு என்னோடு பேசிப் பழக்கமில்லை.

"அம்மே, மதுரைப் பாப்பாவுக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

அழுகையை அடக்க வேறு எதையாவது பேசவேண்டும் போலிருந்தது. "உன் பானையில நுரை வரதா?" என்று கேட்டேன்.

"நுரையா? நாங்க கடைசியிலதானே பிடிக்கோம். கண்ணாடி மாதிரியில்லா வரும்." பானையைச் சாய்த்துக் காட்டினாள்.

பார்த்தேன். அடி தெரிந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். நுரை வாசனை, நுரை, லேசாக... அதற்கு மேல் நான் எழுதவே இல்லை. அடுத்தவர் குடத்தில் என்ன வந்தது என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். இத்தனை கணக்கு எழுதி என்ன பிரயோஜனம்?

14-5-79

இரண்டாவது மனு போட்டதற்கு சத்தியதாஸ் இரண்டு ஆட்களோடு வந்து குழாயிலிருந்து நாலு வீடு தள்ளித் தோண்டினார். எங்கள் வாசலுக்கு நேரே. பைப்பு ஓடைக்குள்ளேயே கிடக்கிறது. துரு அரித்துச் சுண்டுவிரல் போகிற ஓட்டை.

"ராத்திரி வெள்ளத்தை நிறுத்துனா பைப்பு காலியாவும். காலியானா சும்மா கிடக்காது அம்மா, சுத்திலும் உள்ளதை உறிஞ்சி எடுக்கும். விடியக்காலம் திறக்கும்போ அதுதான் முதல்ல வரும். பத்து மணிக்கு நான் பிடிக்கும்போ எல்லாம் கழுவிப் போயிரும்லா." பிறகு கேட்டார்: "நீங்க எத்தனையாவது ஆளாட்டு பிடிப்பிய?"

சீதாலக்ஷ்மி சொன்னாள், பெருமையாக: "மாமிதான் எப்பவும் முதல்."

சைக்கிள் டியூபைக் கிழித்து ஓட்டையில் சுற்றிக் கட்டினார்கள். புது பைப்புக்கு எஸ்டிமேட் அனுப்புவதாகச் சொன்னார்.

ஓடை என் வீட்டு ஓடை. ஃபினாயில் என் கையால் ஊற்றினது. சாயங்காலம் ஊத்தி, விடிகாலம் பிடிச்சு, காய்ச்சி, ஏலக்காய் போட்டு... நானே... குடி குடின்னு... ஐயோ பகவானே.

15-5-79

டின்னில் பாதி மிச்சம் இருக்கிறது. எங்கே கொட்டுவது? எங்கே கொட்டினாலும் யாராவது குடிக்கிற ஜலத்துக்குத்தானே போகும். மூடிக் கட்டிப் பரணில் வைத்துவிட்டேன்.

3-6-79, ஞாயிறு

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், ஓடையில் ஊற்ற வேண்டாம் என்று. பஞ்சாபகேசன்: "ஆபீஸ் சாம்பிள் பாஸுன்னு பேப்பரே வந்திருக்கே, மாமி." செல்லபாய்: "கொசு கடிச்சு யானைக்கால் வந்தா நீங்களா பார்ப்பேள்?" ஒருத்தர் வீட்டிலும் நிறுத்தவில்லை. எனக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று இவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

11-6-79

விஜயம் மதுரைக்குப் போனாள். ஓட்டையைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. தெருவே பேசுகிறது, காதில் விழாமலா இருக்கும்? ரயிலில் கூஜாவை நீட்டினேன். "வேண்டாம்மா, ஸ்டேஷன்ல குடிச்சுக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

12-6-79

இன்று முதல் கடைசியில் நிற்கிறேன். மாடம்மாள் பதறினாள். "அம்மே, முன்ன போங்க, எனக்குப் பாவம் வரும்." "எனக்கு வந்தாச்சு, நீ பிடி" என்றேன்.

முதல் குடத்தைச் சீதாலக்ஷ்மி பிடிக்கிறாள். வேண்டாம், அதைக் கொட்டிவிடு என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "மாமி விட்டுக் கொடுத்த பாக்கியம், கொட்டுவாளோ?" என்று இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வீட்டில் பேத்திக்கு ஒன்றரை வயது.

20-8-79

டியூப் கட்டு விட்டுப்போயிற்று. மறுபடி நுரை. சத்தியதாஸை நெய்யாற்றின்கரைக்கு மாற்றிவிட்டார்களாம். எஸ்டிமேட் பற்றிப் புதியவருக்குத் தெரியவில்லை.

17-10-79

மூன்றாவது மனு. பதில் இல்லை.

10-12-79, திங்கள்

மதுரையிலிருந்து சம்பந்தி அம்மாள் கடிதம். விஜயத்துக்கு மூன்றாம் மாதம். "பிரசவத்துக்கு அங்கே அனுப்புவதா, இங்கேயே வைத்துக்கொள்வதா? உங்கள் அபிப்பிராயம் தெரிவிக்கவும்." விஜயம் கைப்பட ஒரு வரி இல்லை.

தண்ணீர் ஆபீஸ் எஞ்சினீயருக்கு இன்று நானே எழுதினேன். நகல்:

ஐயா,
கரமனைத் தெருக்குழாய் பற்றி ஏற்கெனவே மூன்று மனு அனுப்பியிருக்கிறோம். இது பைப்பு மாற்றச் சொல்லி அல்ல. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த வருஷம் பிப்ரவரி 14 முதல் ஏப்ரல் 5 வரை ஐம்பத்தொரு நாள், தினம் எட்டு டம்ளர் வீதம், முதல் குடத்து ஜலத்தை என் மகளுக்குக் கொடுத்தேன். அதில் ஃபினாயிலும் சோப்புப் பொடியும் கலந்திருந்தது. அது வயிற்றுக் குழந்தையைத் தொடுமா, தொடாதா? உங்கள் ஆபீஸில் தெரிந்தவர் இருந்தால் கேட்டு எழுதவும். தொடும் என்றாலும் மறைக்காமல் எழுதவும். மதுரைக்கு நான் ஒரு கடிதம் எழுதவேண்டியிருக்கிறது. சீக்கிரம் பதில் போடவும்.