ஒரு தட்டு, இரண்டு தட்டு

என் உயிர் மச்சான் வேலுவுக்கு,

நம் தீயணைப்பு நிலையத்தை மூடிவிட்டார்கள். இதை யாராவது உன்னிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்? எனக்கும் உன்னை விட்டால் சொல்ல ஆளில்லை.

மூடிவிட்டார்கள் என்றால் சிலருக்குக் கோபம் வருகிறது. இணைத்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டுமாம். நம் ஊர் கியாக்தானுக்கும் பக்கத்து ஊருக்கும் இனி ஒரே நிலையம். வண்டி அங்கே போய்விட்டது. நம் கட்டடத்தில் சந்தைக்கு வருகிறவர்கள் சைக்கிள் நிறுத்துகிறார்கள். நம் ஏழு பேரில் நானும் இரண்டு வண்டியோட்டிகளும் மட்டும்தான் அங்கே போனோம்.

காலையில் யாங்கோன் பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கிக்கொள்கிறேன். சீருடையைப் பார்த்ததும் யாராவது எழுந்து இடம் தருகிறார்கள். சீருடைக்கா, வயதுக்கா, தெரியவில்லை. நீ இருந்தால் வயதுக்குத்தான் என்று அடித்துச் சொல்லியிருப்பாய். அங்கே எல்லாரும் நல்லவர்கள். குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் நாள் முழுக்க ஒரு வார்த்தை தமிழில் பேச ஆளில்லை. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கும்போது நீ கையை நீட்டுவாய் என்று மூடியை உன் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பது பிறகுதான் உறைக்கிறது.

சொல்ல வந்தது இதுவல்ல. நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன், மச்சான்.

முதல் நாளே அங்கிருக்கும் சயா, அதாவது எங்கள் அதிகாரி, எல்லாரையும் உட்காரவைத்து, வயசில் பெரியவர்களுக்குப் போடுகிற ‘ஊ’ போட்டு என்னைக் கேட்டார். “ஊ ராசு, உங்க ஊர்ல வேலை செய்யற விதத்துல எதாச்சும் வேற மாதிரி இருக்கா? இப்பவே சொல்லிடுங்க.”

எனக்கு நம் தட்டுதான் நினைவுக்கு வந்தது. பைப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நீ முன்னால், உன் முதுகில் கை வைத்து நான் பின்னால். தீ எரிகிற இரைச்சலில் பேச்சு காதில் விழாது. ஒரு தட்டு என்றால் முன்னேறு, இரண்டு தட்டு என்றால் பின்வாங்கு. நாம் இருவரும் பேசி வைத்துக்கொண்டது. சொன்னால் மாற்றச் சொல்வார்கள் என்று பயந்தேன். உன்னுடையது என்று என்னிடம் வேறென்ன மிச்சமிருக்கிறது?

“எல்லாம் ஒண்ணுதான், சயா” என்று சொல்லிவிட்டேன்.

அவர்களுடைய தட்டு நமக்கு நேர் தலைகீழ். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் முன்னேறு. பயிற்சியில் அதைப் பார்த்ததும் மனதுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டேன். சரியாகவும் வந்தது. சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு நடுப்பகலில் சந்தைக்குப் பின்னாலிருந்த கோரைப்பாய்க் கடை பற்றிக்கொண்டது. முன்னால் அந்த நிலையத்துக் கோ மின், பின்னால் நான். கோ மின் நாற்பதைத் தொட்டவன், நிதானமான ஆள். மேலே மூங்கில் விட்டம் வளைவதை நான் பார்த்தேன். என் கை என்னைக் கேட்காமலே தட்டியது. இரண்டு தட்டு. அவன் ஒரு அடி முன்னே வைத்தான். விட்டம் அவன் தோளிலும் வலது கையிலும் விழுந்தது.

நான்தான் அவனை இழுத்து வெளியே போட்டேன். சயா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லாட்டி அவன் செத்திருப்பான்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கோ மின்னோ தட்டைத் தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டதாக நினைத்து, இனி இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து புலம்பியிருக்கிறான்.

உன் பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னேன். என் தங்கச்சியைத்தான் உனக்குத் தெரியுமே. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அவன் தன்னையே திட்டிக்கிட்டுக் கெடக்கான். நீ இங்க உக்காந்து சோறு திங்கிறியா? அவரு இருந்தா உன்னைய இழுத்துக்கிட்டுப் போயிருப்பாரு. எந்திரி அண்ணே. போயிச் சொல்லிப்புட்டு வா.”

உன் பேச்சை எடுத்த பிறகு எழுந்துவிட்டேன். கை கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் கோ மின்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘யாபாடெ’ என்பான் என்று காத்திருந்தேன். இந்த ஊரில் காலை மிதித்தாலும் பரவாயில்லை, யாபாடெ என்றுதானே சொல்வார்கள்? அவன் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டான்.

“ஆபத்துன்னா ஏன் ரெண்டு தட்டு, ஊ ராசு? ரெண்டாவது தட்ட நேரம் இருக்குமா?”

அப்போதுதான் உன் காது நினைவுக்கு வந்தது. அந்த எண்ணெய்க் கிடங்குத் தீயில் நான் ஒன்று தட்டி, இரண்டாவது தட்டுவதற்குள் நீ முன்னே போய்விட்டாய், காது வெந்துபோனது. “மச்சான் கைக்கு வயசாயிடுச்சு” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். நானும் என் கைதான் மெது என்று இத்தனை வருடம் வெட்கப்பட்டேன். நம் முறையே தப்பு என்று நம் இருவரில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

சயாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. பைப்பைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து வண்டிதான் கழுவிக்கொண்டிருந்தேன். தங்கச்சி சோறு கட்டிக் கொடுப்பாள். டப்பாவைத் திறக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவருவேன்.

கோ மின் குணமாகி வேலைக்கு வந்த அன்று சயாவின் முன்னாலேயே அவனிடம் கேட்டேன். “இனி நான் முன்னால நிக்கிறேன். நீ பின்னால நில்லு.”

“என்னைய நம்புறீங்களா? உங்க மேல எனக்கு இன்னும் கோபம் போகல.”

“கோபம் இருக்கட்டும். கைய மட்டும் வை.”

சயா அவனைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான்.

நேற்று பயிற்சி. உன் இடத்தில் நான் நின்றேன். முன்னால் நிற்கிறவனுக்கு ஒரு முகமும் தெரியாது என்று நீ சொன்னதே இல்லையே, மச்சான். தண்ணீரும் சுவரும்தான். நான் பின்னால் இருக்கிறேனா இல்லையா என்று ஒரு தடவையாவது நீ திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. எப்படி உன்னால் முடிந்தது?

புதுத்தோல் போர்த்திய அந்தக் கை என் முதுகில் வந்து உட்கார்ந்தது. ஒரு தட்டு. என் வலது கால் பழைய கணக்கில் முன்னே போக எழுந்துவிட்டது. அதை மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நம் தட்டை இனி யார் முதுகிலும் தட்ட மாட்டேன். அது உன்னோடு போகட்டும். ஒரு தட்டுக்கு நான் நிற்பேன், மச்சான்.

இத்தனை வருடம் உன் முதுகைப் பார்த்தே நின்ற,
உன் பெண்டாட்டியின் அண்ணன்
ராசு