பத்து நாற்பது வண்டியின் வெளிச்சம்

மார்ச் 4, செவ்வாய்

வாஷிங் மெஷினை நகர்த்தியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. துணி துவைக்க இல்லை. அதன் வெள்ளைப் பக்கத்தைச் சன்னலுக்கு எதிரே திருப்பச் சொன்னாள் மருமகள். நடுவில் நாற்காலி போட்டு மூன்றாம் மாடி டீச்சரை உட்கார வைத்திருந்தாள். சன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுகிறது, மறு கன்னம் இருட்டு. வெள்ளையாக எதையாவது அந்தப் பக்கம் வைத்தால் வெளிச்சம் பட்டுத் திரும்பி முகத்துக்கு வருமாம். ஸ்டூடியோவில் இதற்குப் பெரிய பெரிய விளக்குகள். எங்களுக்கு வாஷிங் மெஷின். அது போதாத இடத்துக்கு ஒரு தெர்மாகோல் அட்டை, அதைப் பிடிக்க நான்.

படம் பளிச்சென்று வந்தது. டீச்சர் முகம் மட்டும் பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல இருந்தது.

மார்ச் 5, புதன்

மகன் சாப்பிடும்போது அவளிடம் சொன்னான்: "இந்த மாசம் முடியற வரைக்கும் பாரு. ஒண்ணும் அமையலைன்னா பழைய இடத்துக்கே போயிடு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பழைய இடம் என்றால் அந்த ஸ்டூடியோக்காரன். ஒன்பது வருஷம் அவனிடம் வேலை பார்த்தாள். இவள் எடுத்த படத்துக்கெல்லாம் அடியில் அவன் பெயர். ஏன் என்று கேட்டதற்கு, "கேமரா யாருது?" என்றானாம். கேமராவை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். இப்போது கையில் இருப்பது சேமித்த காசில் வாங்கிய சொந்தக் கேமரா. இந்த மாசத்துக்குள் திரும்ப வரலாம் என்கிறான். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்.

மன்னிப்பா? இவளா? அவன் இல்ல கேக்கணும்!

இவள் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. கல்யாணமான நாலாம் நாள், நான் போட்ட டீயைச் சன்னல் வழியாகக் கொட்டினாள். பார்த்துவிட்டேன். அது வேறு. வீட்டுக்குள் உள்ள விஷயம்.

மார்ச் 9, ஞாயிறு

தையல்காரி தன் கடை போர்டில் போட ஒரு படம் வேண்டும் என்று வந்தாள். உட்கார்ந்தாள், விறைத்துப் போனாள். "சிரிங்கக்கா" என்றால் பல்லைக் காட்டுகிறாள், கண்ணில் ஒன்றும் இல்லை.

எனக்கு அட்டை பிடித்துப் பிடித்துத் தோள் வலி. வாய் சும்மா இருக்குமா? "இவ்வளவு நேரம் ஆடாம உக்கார முடியுது. என் நீலப் பூப்போட்ட ரவிக்கைக்கு மட்டும் அளவு எடுக்க நேரமில்லாம போச்சு, இல்ல? பதினாலு வருஷம் ஆச்சு. ஒரு கை முட்டி வரைக்கும், இன்னொரு கை தோளோட."

"அய்யோ, அதை இன்னும் விடலையா நீங்க?" என்று நிமிர்ந்தாள். புருவம் ஏறியது, மூக்கு விடைத்தது, வாய் கோணி ஒரு சிரிப்பு வந்தது. இருபது வருஷமாக நான் சண்டை போடும் அதே முகம்.

கிளிக்.

"அத்தை," என்றாள் மருமகள், கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல். "வேற என்ன பண்ணினாங்க? சொல்லுங்க."

சொன்னேன். எனக்கா பஞ்சம்?

மார்ச் 11, செவ்வாய்

டீச்சர் வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் மெக்கானிக். டெப்போ ஆட்கள் அறுபத்திரண்டு பேரையும் தனித்தனியாகப் படம் எடுத்து, பயணிகள் காத்திருக்கும் கூடத்தில் மாட்டப் போகிறார்களாம். டியூட்டியை விட்டுவிட்டு யாராலும் ஸ்டூடியோவுக்குப் போக முடியாது, அங்கேயே வந்து எடுக்க வேண்டும். முதலில் ஆறு பேர். மேனேஜருக்குப் பிடித்தால் எல்லாமே நமக்கு. ஆறாவது ஆள் மேனேஜரேதான்.

மருமகள் முகத்தில் எத்தனை நாள் கழித்து ரத்தம் ஓடுகிறது!

மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று டீச்சர் வீட்டுக்காரரிடம் கேட்டேன். கணீர்க் குரல், தடிமனான கண்ணாடி, முன்பு டிக்கெட் செக்கராக இருந்தவர் என்றார்.

அவன். அவனேதான்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஜூன் பதினெட்டு, புதன்கிழமை. ஆஸ்பத்திரி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தேன். கூட்டத்தில் இறங்க முடியாமல் ஒரே ஒரு ஸ்டாப் தாண்டிவிட்டது. கொட்டுகிற மழையில், கை நிறையப் பையோடு என்னை இறக்கிவிட்டான். "ரூல்ஸ் ரூல்ஸ்தான்மா" என்றான். முப்பது பேர் பார்த்தார்கள்.

நான் போக மாட்டேன்.

மார்ச் 13, வியாழன்

போகிறேன். அட்டை பிடிக்க வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். மருமகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 15, சனி

எல்லாவற்றையும் எழுத வேண்டும், வரிசையாக.

வெளியே வெயில், எல்லாருக்கும் கண் சுருங்குகிறது. பஸ் கழுவுகிற கொட்டகைக்குள் ஒரே இருட்டு. மருமகள் இரண்டு தடவை சுற்றி நடந்தாள். பிறகு கொட்டகையின் வாசலில் நாற்காலியைப் போட்டாள். எதிரே வெயிலில் ஒரு வெள்ளை பஸ் நின்றது. அதன் பக்கவாட்டில் பட்ட வெயில் திரும்பி வந்து நாற்காலி மேல் பால் மாதிரி விழுந்தது.

"அட்டையைக் கீழ வைங்க அத்தை. முப்பத்தஞ்சு அடிக்கு அட்டை கிடைச்சிருக்கு."

நெட்டை டிரைவர் முதலில். எல்லாம் சரியாக வந்தது. அடுத்து ஒரு கண்டக்டர் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போடுகிறார், எதிரே பஸ் உறுமியது. அது பத்து நாற்பது வண்டியாம்! எங்கள் வெளிச்சம் முழுவதும் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. கண்டக்டர் முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த வெள்ளை வண்டி எப்போ?" என்று மருமகள் கேட்டாள்.

"பதினொன்னு அஞ்சு. நடுவுல ஒரு சிவப்பு இருக்கு, வேணுமா?"

"வேணாம்ணே, தக்காளி மாதிரி ஆயிடுவீங்க."

இப்படி வண்டிக்கு வண்டி காத்திருந்து எடுத்தோம். என் வேலையை நானும் பார்த்தேன். நாற்பது வருஷமாக பஸ்ஸில் போகிறவளுக்கு டிரைவர் கண்டக்டர் தெரியாதா? கை காட்டியும் நிறுத்தாமல் போனவர், மீதிச் சில்லறையை 'அப்புறம்' என்றவர், பிரேக் போட்டு என் பல்லை ஆட்டியவர். ஒவ்வொருவருக்கும் நாளும் கிழமையும் சொன்னேன். ஒவ்வொரு முகமும் திறந்தது.

கடைசியில் அவர் வந்தார். கோட்டு போட்டிருந்தார். எதிரே நின்ற வண்டி பன்னிரண்டு பத்துக்குக் கிளம்பும். ஏழு நிமிஷம் இருந்தது. முகம் அப்படியே அடையாள அட்டைப் படம்.

"கொஞ்சம் இலகுவா மூச்சு விடுங்க சார்."

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

மருமகள் எடுத்தாள், பார்த்தாள், அழித்தாள். மறுபடி எடுத்தாள், அழித்தாள். டிரைவர் வண்டியில் ஏறிவிட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தலை குனிந்திருந்தாள். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன்.

"ஜூன் பதினெட்டு," என்றேன். "புதன்கிழமை. மழை."

அவர் தலையை மெதுவாகத் திருப்பினார். "முப்பத்தொன்பதாம் நம்பர் வண்டி," என்றார். "பச்சைக் குடை. நீங்களா அது?"

"ஒரு ஸ்டாப் தாண்டினதுக்கு மழையில இறக்கி விட்டீங்க."

"நீங்க என்ன சும்மாவா இறங்கினீங்க? குடையால மண்டையில போட்டுட்டு இறங்கினீங்க!"

"கை தவறிப் பட்டிருக்கும்."

"ரெண்டு தடவையா தவறும்?"

கொட்டகையில் யாரோ விசிலடித்தார்கள்.

"மன்னிப்புக் கேளுங்க," என்றேன்.

"நான் என் டியூட்டியைப் பார்த்தேன். நீங்க கேளுங்க. பதினோரு வருஷமா காத்துட்டிருக்கேன்."

"மாட்டேன்."

"அப்போ நானும் மாட்டேன்."

சொல்லிவிட்டு என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது, கண்ணாடி மூக்கில் சரிந்தது, கண்ணெல்லாம் தண்ணீர்.

கிளிக் கிளிக் கிளிக். வண்டி கிளம்பியது.

மார்ச் 16, ஞாயிறு

மழைக் கதையை எழுதியபோது குடை விஷயத்தை நான் எழுதவில்லை. மறந்துவிட்டது என்று சொன்னால் மகன்கூட நம்ப மாட்டான். மறக்கவில்லை, எழுதத் தோன்றவில்லை.

இன்னொன்று. இரண்டு தடவை இல்லை. மூன்று.

மார்ச் 19, புதன்

மேனேஜர் போன் செய்தார். படத்தை வீட்டில் காட்டினாராம். "இவரைத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன், நடுவுல எங்க போயிருந்தாருன்னு தெரியல" என்றாராம் அவர் மனைவி. மீதி ஐம்பத்தாறு பேரும் நமக்குத்தான்!

போனை வைத்த பிறகும் மருமகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னடி என்றேன்.

"படத்துக்கு அடியில எடுத்தவங்க பேர் போடணுமாம் அத்தை. எப்படி எழுதறதுன்னு கேட்டார்."

"சொன்னியா?"

"சொல்ல வரலை. எழுதி அனுப்பறேன்னுட்டேன்."

உட்கார்ந்து எழுதினாள். ஒரு பெயரை எழுத மூன்று காகிதம் கிழித்தாள். மகன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவனே எழுந்து எல்லாருக்கும் டீ போட்டான். நன்றாக இல்லை. எல்லாரும் குடித்தோம்.

மார்ச் 31, திங்கள்

ஸ்டூடியோக்காரன் போன் செய்தான். மருமகள் டெப்போக் கூடத்தில் ஏணி மேல் நின்று படம் மாட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்தேன்.

"மாசம் முடியுதே. மன்னிப்புக் கேக்க எப்போ வர்றாங்க?"

"நீங்க எப்போ வர்றீங்க?" என்று கேட்டு, வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

எழுத நேரமில்லை. டெப்போ படங்களைப் பார்த்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபத்து மூன்று பேர், நாளைக் காலை ஒன்பது மணிக்கு.

ஒரு கவலை. எங்கள் வீட்டில் இதுவரை தீப்பிடித்ததே இல்லை. அங்கே ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஒருத்தர் மேலும் ஒரு வருத்தமும் கிடையாது. என்னத்தைப் பேசுவேன்?

எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் யாராவது ஏதாவது செய்யாமலா இருப்பார்கள்.