ஆற்றிடம் போய்க் கேட்டேன், அரென்லா

என் அன்பான அரென்லா,

நோய் உன்னைக் கொண்டுபோய் ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது. லா ஷப்பலில் நாம் சேர்ந்து சமைத்த கடையின் குசினியில் இப்போது வேறொருத்தி நிற்கிறாள். நாகா மலையிலிருந்து வந்த நீ அங்கே நின்றுதான் எங்கள் தமிழைப் பழகினாய். உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது.

என் மகள் அனிற்றா போன மாதம், ஆர்ஜொந்தெயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, சேன் ஆற்றில் தவறி விழுந்தாள். யாரோ குதித்துத் தூக்கினார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. குழாயைத் திறந்தாலே நடுங்கினாள். டாக்டர் பொறுக்கச் சொன்னார். எப்படிப் பொறுப்பது?

அப்போதுதான் நீ வெங்காயம் உரித்தபடி சொன்னது நினைவுக்கு வந்தது. காட்டிலோ ஆற்றிலோ பயந்த பிள்ளையின் உயிரில் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடுமாம். தாய் போய் அந்த இடத்திடம் கேட்டு, பேர் சொல்லிக் கூட்டிவர வேண்டுமாம். உன் வீட்டாரும் சேர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் இதை விடவில்லை என்றாய். "ஆறு களவெடுக்காது அக்கா. மரியாதையாக் கேட்டால் தரும்."

நான் அனிற்றாவோடு ஆற்றுக்குப் புறப்பட, என் கணவர் ஜெராட் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "நாங்கள் வேதக்காரர். உந்தப் பேய்வேலையை ஃபாதர் கேள்விப்பட்டால் என்ன சொல்லுவார்?"

"என்ர பிள்ளையைக் கூப்பிட ஃபாதரிட்டை என்னத்துக்குக் கேக்கவேணும்?" என்று சொல்லி, அனிற்றாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

ஆறு கரைமுட்ட, மண்ணிறமாக ஓடியது. ஒரு பிடி அரிசியைத் தண்ணீரில் போட்டு, பிள்ளையைத் தா என்று கேட்டேன். பிறகு, "அனிற்றா, வா, வீட்டை போவம்" என்று கத்தினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். சட்டென்று என் கையை உதறிவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தாள்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன். அவள் கரை விளிம்பில் நின்று, ஆற்றைப் பார்த்து, தன் பேரைத் தானே கூப்பிட்டாள். கரகரத்த குரல்.

பின்னால் யாரோ விம்மினார்கள். ஜெராட். செருப்புக்கூடப் போடாமல் எங்களைத் தொடர்ந்து வந்திருந்தார். வீடுவரை அவரும் அவள் பேரைச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

இதைச் செய்தது ஆறா, டாக்டர் சொன்ன பொறுமையா? நீ இருந்தால் என்ன சொல்வாய்? இன்னும் சில இரவுகளில் திடுக்கிட்டு எழும்புகிறாள். ஆனால் நேற்று, நீந்தப் பழக வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

பழக்குவேன், அரென்லா. அந்த ஆற்றைப் பகையாக நினைத்து அவள் வளர விடமாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

உன்னோடு கூடப்பிறக்காத அக்கா,
ரெஜினா