தகடு ஒட்டப் போன கதை

அன்பு மகள் ஜனெல்லுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா தேறிவிட்டாள், கைத்தடியை நடப்பதற்குக் கொஞ்சமும் என்னை அதட்டுவதற்கு மிச்சமும் வைத்திருக்கிறாள். கோதுமை அறுவடை முடிந்தது, கடைசி வயலை மழை பிடித்துக்கொண்டது, போகட்டும். உன் தம்பி பெயரில் இருக்கிற ஏரிக்குப் போய் வந்ததைப் பற்றி நீ போனில் கேட்டபோதெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா என்று சொல்லி அம்மாவிடம் போனைத் தள்ளிவிட்டேன் அல்லவா, அது பச்சைப் பொய். நீங்க அடிச்ச கூத்த நீங்களே அவளுக்கு எழுதுங்க என்று உன் அம்மா என்னை மேசை முன்னால் உட்கார வைத்திருக்கிறாள்.

போரில் போன நம் மாகாணத்துப் பிள்ளைகளுக்கு வடக்கே ஆளுக்கொரு ஏரி என்று பெயர் வைக்கிறார்களே, அப்படி நம் குர்டிஸ் பெயரும் ஒரு ஏரிக்கு வந்து எத்தனை கோடை போயிற்று. ஆப்கானிஸ்தானிலிருந்து அவன் பெட்டியில் வந்த அன்று ஒரு வார்த்தை பேசாமல் சர்ச்சில் நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த மனுஷன்தானே நான். அந்த ஏரிக்கரைப் பாறையில் ஒட்ட அவன் பெயர் பொறித்த வெண்கலத் தகடு செய்து வந்த பிறகும் விதைப்பு, டிராக்டர் ரிப்பேர், முட்டிவலி என்று தட்டிக்கழித்தேன். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை. அதை ஒட்டிவிட்டால் அவன் இனி வரமாட்டான் என்பது முடிவாகிவிடும் என்று ஒரு முட்டாள் எண்ணம். இந்த ஆகஸ்டில் அம்மா, என்னால அந்த விமானத்துல ஏற முடியாது, நீங்க போய் ஒட்டிட்டு, அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க, வேற ஒண்ணும் ஒங்கள கேக்கல என்றாள். அதற்கு மேல் எதைச் சொல்லித் தப்பிப்பது.

அந்த ஏரிகளுக்கு ரோடு கிடையாது, தண்ணீரில் இறங்குகிற மிதவை விமானம்தான். அதை ஓட்டியது ரோக்ஸான் என்று உன் வயதுப் பெண். நம் பக்கத்தில் நிலமெல்லாம் சதுரம், ரோடெல்லாம் நேர்க்கோடு, வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் வீடு வந்து சேரலாம். அந்தப் பழக்கத்தில் அங்கேயும் தலைகீழாகத்தான் பிடித்திருந்தேன். பெரியவரே, நம்ம ஏரி அடுத்ததுன்னு நெனக்கிறேன் என்று அவள் சொன்னாள். என் புள்ள ஏரி எனக்குத் தெரியாதா, எறக்கும்மா என்று அதட்டினேன். இறங்கி, பாறையைத் தேய்த்து, தானியக் கிடங்கு ஓட்டைக்குப் பூசுகிற பசையை இரண்டு மடங்கு அப்பி ஒட்டி, அம்மா சொல்லிக் கொடுத்த ஜெபத்தைக் கடகடவென்று சொல்லி முடித்தேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை, வேலை சுத்தம் என்று பெருமை வேறு. பசை காயட்டும் என்று சாப்பிட்டுவிட்டு மேலே கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றியதும் ரோக்ஸான் தன் வழிகாட்டும் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, கோவிச்சுக்காதீங்க, நாம ஒட்டினது எல்மர் ரைட்டோட ஏரியில என்றாள். எல்மர் ரைட் இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் போனவன், பத்தொன்பது வயது. திரும்ப இறங்கி உளியால் நெம்பினேன், சுத்தியலால் தட்டினேன், அசையவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் நான் மாட்டிய எந்த அலமாரிக் கைப்பிடியாவது ஒரு மாதம் நின்றிருக்கிறதா, இது மட்டும் நின்றுவிட்டது.

சரியான ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கையில் தகடும் இல்லை, ஜெபத்தையும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லியாயிற்று. செய்ய ஒரு வேலையும் இல்லாமல் தண்ணீர் ஓரத்தில் மரம் மாதிரி நின்றேன். பிறகு எப்படி வந்ததோ, டேய் குர்டிஸ், அப்பன் வந்திருக்கேன்டா, எடம் மாறிப் போயிட்டேன்டா என்று ஆரம்பித்தேன், வாய் நிற்கவில்லை. நீ அம்மாவானதைச் சொன்னேன், அவன் பழைய லாரியை இன்னும் விற்கவில்லை என்று சொன்னேன், நீ இல்லாம வீட்ல சோறு எறங்கலடா என்றும் சொல்லிவிட்டேன். அழுதேன் ஜனெல், மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல். ரோக்ஸான் பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்து எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள், நல்ல பெண்.

வீட்டுக்கு வந்து ஒளிக்காமல் சொன்னேன், கைத்தடி பறக்கும் என்று தயாராகத்தான் நின்றேன். அம்மா கைத்தடியை ஓரமாகச் சாய்த்து வைத்தாள். அந்தப் பையனுக்கு யாராவது வந்து போறாங்களா என்று கேட்டாள். யாரும் இல்லையாம், ரோக்ஸான் சொன்னாள் என்றேன். அப்ப இந்தக் குளிர்காலம் தகடு அங்கயே இருக்கட்டும், போனப்ப நம்ம புள்ள அவன விட மூணு வயசு மூத்தவன், சின்னவனப் பாத்துக்குவான் என்றாள். எல்மர் இருந்திருந்தால் எனக்கே அப்பா வயது, அதை யார் அவளிடம் சொல்வது.

எல்மருக்கு ஒன்று, நம் குர்டிஸுக்கு ஒன்று என்று புதிதாக இரண்டு தகடு செய்யச் சொல்லிவிட்டாள். வருகிற ஆகஸ்டில் நீயும் கட்டாயம் வந்துவிடு, மறந்துவிடாதே. வரைபடம் உன் கையில் இருக்கட்டும், பசை அம்மா கையில் இருக்கட்டும். எனக்குப் பேசுகிற வேலை போதும், அவனிடம் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும், குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

இப்படிக்கு,
வழி தெரியாத உன் அப்பா,
லாய்ட்