நாற்பதில் அணையும் போன்

மார்ச் 4
வேலை தேடுவோருக்கான எங்கள் தளம் ஏன் மெதுவாகத் திறக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. சார்ஜ் குறைந்த போனில் மெதுவாகிறதா என்று பார்க்க இன்று அதன் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். யார் பக்கத்தைத் திறந்தாலும் அவர்கள் போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பது எங்களுக்கு வந்துவிடும்.

"அவங்ககிட்ட கேக்க வேண்டாமா?" என்றார் மேலாளர்.

"பேட்டரிதானே சார், இதுல என்ன ரகசியம்?" சொன்னது நான்தான்.

மார்ச் 11
ஒரு போன் மட்டும் நாற்பது சதவீதம் வந்ததும் காணாமல் போகிறது. சார்ஜரில் போட்ட பிறகே திரும்பி வருகிறது. பழைய மாடல், பட்டியலில் அந்த மாடல் வேறொன்று இல்லை. நான் தங்கைக்குக் கொடுத்த போன்! நாற்பதில் அணைந்துவிடும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

தினமும் காலை பத்தரை மணிக்கு எங்கள் தளத்தைத் திறக்கிறாள். ஆபீசில் இருக்க வேண்டிய நேரம் — அப்படியானால் வேலை போய்விட்டதா?

மார்ச் 14
71. 58. 43. அப்புறம் இல்லை. பார்க்கக் கூடாது, பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு
அம்மா இறந்தபின் நான் தங்கையைத் துருவித் துருவிக் கேட்டதில்தான் தனி வீடு பார்த்துப் போனாள். இரண்டு மாதமாகத்தான் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள்.

"ஆபீஸ்ல எல்லாம் நல்லாத்தான் போகுதுக்கா."

"சரிடி" என்றேன். வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

மார்ச் 18
புது பேட்டரி வாங்கி அனுப்பினேன். கூடவே ஒரு சீட்டு: "இன்டர்வியூவுக்குக் கூப்பிடும்போது போன் அணைந்துவிடக் கூடாது, மாற்றிக்கொள்." நல்ல காரியம் செய்த திருப்தி.

மார்ச் 23, ஞாயிறு
"சீட்டுல இன்டர்வியூன்னு எழுதியிருக்கியே, வேலை போனது உனக்கு எப்படித் தெரியும்?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னிக்கு நானே சொல்லணும்னு இருந்தேன்க்கா. அதையும் நீயே எடுத்துக்கிட்ட."

வைத்துவிட்டாள். எனக்கு அழுகை அடங்கவே இல்லை. அக்கறைதானே... இல்லை, வேவு.

மார்ச் 24
அந்த வரியை நீக்கினேன். சேர்ந்திருந்த தகவல்களையும் அழித்தேன்.

"பேட்டரிதானேம்மா, இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் மேலாளர்.

"வேணாம் சார். அது வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்குது."

ஏப்ரல் 2
பேட்டரி திரும்பி வந்தது. உறைகூடக் கிழியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு
மூன்றாவது ஞாயிறும் அவள் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். போன் அணைந்திருக்கிறதாம். நாற்பதில் தானாக அணைந்ததா, அவள் அணைத்து வைத்தாளா, தெரியவில்லை. மறுபடி கூப்பிடாமல் என் போனைச் சார்ஜரில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.