இலவம்பஞ்சு மெத்தை

ஆரணி
4.1.1981

அன்பான ரஞ்சிக்கு,

பிள்ளை பிறந்த சேதி கார்டில் வந்து சேர்ந்திருக்கும். பையன் அவர் ஜாடை. அழுகை மட்டும் என் மாமியார். உன் பாப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? மலைக்குளிரில் தரையில் விடாதே.

உன்மேல் எனக்கு ஒரு கோபம். பிரசவத்துக்கு நான் இங்கே வந்திருந்த நேரத்தில் அவருக்கு தர்மபுரிக்கு மாற்றல் வந்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்தார். லாரியில் இடமில்லை என்று கட்டில், மெத்தை எல்லாவற்றையும் தன் பாட்டுக்கு விற்றிருக்கிறார். மெத்தையை நீ வாங்கிக்கொண்டதைப் போன வாரம்தான் சொன்னார். எனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா? அது அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு. நீ கொடுத்ததற்கு மேலேயே தருகிறேன். போளூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் என் தம்பி இறக்கிக்கொள்வான்.

பிரித்து வெயிலில் போட வேண்டாம். பஞ்சுத் தூசி பாப்பாவுக்கு ஆகாது. உடனே பதில் போடு.

உன்
ரேணு


ஜமுனாமரத்தூர்
12.1.1981

ரேணு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே மெத்தையைப் பிரித்துவிட்டேன். மார்கழி ஈரத்தில் பஞ்சு கட்டிகட்டியாகிப் பாப்பாவின் முதுகில் குத்தியது. பாறைமேல் உலர்த்தலாம் என்று உறையை அவிழ்த்தேன். தலைமாட்டு மூலையில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருந்தது. உள்ளே உன் இரட்டைவடச் செயின்.

முதலில் சந்தோஷப்பட்டேன், நம்புவாயா? தொலைந்தது கிடைத்துவிட்டது என்று இவரைக் கூப்பிடக்கூட வாயெடுத்தேன். பிறகுதான் தையலைப் பார்த்தேன். காலேஜ் ஹாஸ்டலில் தலையணை உறைக்கு நீ எனக்குப் போட்டுக் காட்டிய அதே குறுக்குத் தையல். முடிச்சை உறையோடு சேர்த்துத் தைத்திருக்கிறது.

உன் வீட்டில் பாத்திரம் தேய்த்த செல்லிதான் எடுத்தாள் என்று உன் வீட்டுக்காரர் பாண்டுரங்கன் அண்ணன் அவள் ஊர்த் தலைவரான நாட்டாரிடம் முறையிட்டார். அவள் கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். அதுவரை நீ இங்கே இருந்தாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சத்தியம் செய்தவர் வீட்டில் அடுத்த அமாவாசைக்குள் ஒரு உயிர் போனால் அது பொய்ச் சத்தியம் என்பது அவர்கள் வழக்கம். செல்லியின் சினை ஆடு செத்துப்போயிற்று.

"அம்மனே காட்டிக் குடுத்துட்டா, இன்னும் இன்னா சாட்சி வேணும்?" என்று ஊரே சொல்லிவிட்டது. யாரும் அவளைச் சாமை அறுக்கக் கூப்பிடுவதில்லை. அவள் புருஷன் தங்கவேல், மாசிப் பௌர்ணமிக்கு ஊர் கூடும்போது அவளை வேண்டாம் என்று தீர்த்துவிடப் போகிறானாம். பிள்ளைகள் இரண்டும் அவனோடுதான் என்பார்கள். சின்னது இன்னும் பால்குடி, ரேணு.

நான் நினைப்பது தப்பு என்று ஒரு வரி எழுது. எவ்வளவு திட்டி எழுதினாலும் சரி.

ரஞ்சிதம்


ஆரணி
20.1.1981

ரஞ்சி,

படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

அவர் தம்பிக்கு லாரி வாங்கச் செயினை அடகு வைக்கக் கேட்டார். முன்பு கேட்டு வாங்கிய வளையல் திரும்பி வந்ததா? அப்பா எனக்கென்று கொடுத்ததில் மிச்சம் அது ஒன்றுதான். தைத்து வைத்துவிட்டு, காணோம் என்றேன். இரண்டு நாள் கத்திவிட்டு ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தேன். செல்லியின் பெயரை நான் எடுக்கவே இல்லை. அவராகச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கை எப்படி நீளும் என்று அடுத்த வீட்டில் இருந்த உனக்குத் தெரியாதா? என் முகத்துக்கு எத்தனை முறை நீதானே தைலம் தடவினாய்?

செயினை நீயே வைத்துக்கொள். நிஜமாகத்தான் சொல்கிறேன். மெத்தையோடு வந்தது, மெத்தை உன்னுடையது. பாப்பாவுக்கு அத்தை போட்ட சீராக இருக்கட்டும். அவளை வேலூருக்குக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் காட்ட வழியில்லை என்று அழுதாயே, இதை வைத்துக் காட்டு. செல்லிக்கு ஒரு ஆடு வாங்கிக் கொடு. மலைச்சனம், நாலு நாளில் மறந்துவிடும்.

நீ வாயைத் திறந்தால் எனக்கு வாழ்க்கை இல்லை. என் மடியில் கிடப்பவனை நினைத்துக்கொள்.

ரேணு


ஜமுனாமரத்தூர்
2.2.1981

ரேணு,

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீ கேட்டதில் அது ஒன்றைத்தான் செய்திருக்கிறேன்.

இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை, ஆசை. "சொந்தக்காரியே குடுத்துட்டா, உனக்கு இன்னாடி நோவு? நாம இன்னா திருடியா வந்தோம்?" என்று இவர் கேட்டபோது எனக்கு இதமாகத்தான் இருந்தது. பாப்பாவின் கழுத்தில் போட்டுப் பார்த்தேன். அரைஞாண் வரை தொங்கியது. எடுத்து வாயில் வைத்துச் சப்பினாள். மறுநாள் அவளுக்கு மூச்சு இழுத்தது. பி.ஏ. படித்தவள்தான் நான். ஆனாலும் அவள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு எதையெல்லாம் நினைத்துப் பயந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. எனக்கும் தைரியம் வந்து, மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்றே தோன்றியது. என்னைப் பெரிய நியாயக்காரி என்று நீ நினைக்கக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

அப்போதுதான் செல்லி வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "துணி தோய்க்கிறதுக்கு இன்னாச்சும் இருக்குதாம்மா?" என்றாள்.

"உள்ளே வா, செல்லி."

"வாணாம்மா. வெளியவே போடுங்க."

தோய்த்துக் காயப்போட்டாள். போகும்போது என் முன்னால் நின்று முந்தானையை உதறிக் காட்டினாள். இரண்டு கையையும் விரித்தாள். வாயைத் திறந்தும் காட்டினாள், ரேணு. நாக்கைத் தூக்கி.

"யாரு உன்ன இப்படிச் செய்யச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

"யாரும் சொல்லலம்மா. நாளைக்கு ஒரு ஸ்பூனு காணாப்போனா, நீங்களும் மனுசங்கதானே."

அந்தச் செயின் அப்போது என் இடுப்பு முடிச்சில் இருந்தது.

அன்றைக்கே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நாட்டார் மாதையனிடம் போனேன். செயினைப் பார்த்தார், தொடவில்லை. மெத்தையில் இருந்தது என்றேன். "பஞ்சுக்குள்ள அதுவா பூந்துக்கிச்சாம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். "தச்சு வச்சிருந்தாங்க" என்று வந்துவிட்டது. யார் என்று அவர் கேட்கவில்லை.

"நீங்க இதத் தூக்கிக் காட்டினா ஆவாதும்மா. ஆபீஸரு பொஞ்சாதி பாவம் பாத்து வேற ஒன்னு வாங்கியாந்துச்சின்னு பேசுவானுங்க. அணைச்ச கற்பூரத்தப் பழி போட்ட வூட்டுக்காரங்கதான் வந்து ஏத்தணும். ஏத்திட்டா ஆடு செத்ததும் கணக்குல இல்ல, தங்கவேலும் வாயத் தொறக்க முடியாது."

ஆகவே நீ வரவேண்டும். மாசிப் பௌர்ணமிக்கு, பதினெட்டாம் தேதி. அண்ணனுக்கு நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அதை எப்படிச் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது உன் பாடு. இங்கே தங்கிக்கொள்ள நினைத்தால் என் வீட்டில் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இரு. இவரிடமும் சொல்லிவிட்டேன். முறைத்தார், முடியாது என்று சொல்லவில்லை.

நீ வராவிட்டால் கூட்டத்தில் எழுந்து உன் பெயரைச் சொல்வேன். இந்த வரியை எழுதாமல் முடிக்கத்தான் இரண்டு தாளைக் கிழித்தேன். முடியவில்லை.

வந்துவிடு, ரேணு.

ரஞ்சி


ஆரணி
13.2.1981

திருமதி ராஜேந்திரன் அவர்களுக்கு,

பதினெட்டாம் தேதி காலை போளூர் பஸ்ஸில் வருகிறேன். பிள்ளையும் அம்மாவும் கூட வருகிறார்கள். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவோம். தங்க இடம் வேண்டாம்.

அவரிடம் நானே சொல்லிவிட்டேன். என்ன சொன்னார் என்று எழுதப்போவதில்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்க வரமாட்டாராம்.

செல்லிக்கு ஒரு சேலை எடுத்திருக்கிறேன். அவள் வாங்காவிட்டால் அதுவும் நியாயம்தான்.

செயினை முன்னதாகவே நாட்டாரிடம் ஒப்படைத்துவிடவும். அவர் கையால் வாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் செய்தது சரி. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கிறது. ஊரே நின்று பார்க்கட்டும், செல்லி நின்று பார்க்கட்டும், ஏற்றிவிடுவேன். நீங்கள் மட்டும் அன்றைக்குக் கோயில் பக்கம் வர வேண்டாம்.

இப்படிக்கு,
பா. ரேணுகா